எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். இத்தாலியில், ரோமர் ஆட்சிக்கு முன் அதன் நடுப்பகுதியில் செழித்த எத்ருஸ்கர் என்ற மக்களின் காலத்துப் பொருள் ஏதாவது வெளிப்பட்டால், தமிழ் நாளிதழ்களில் 'புதையல் கிடைத்தது' என்றே தலைப்பு வருகிறது. அகழாய்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல் வருத்தம் தருகிறது.

சியன்னாவுக்குத் தெற்கே முர்லோ என்ற சிற்றூரை ஒட்டி, போஜ்ஜோ சிவிதாத்தே என்னும் மரமடர்ந்த குன்று இருக்கிறது. 1966 முதல் அங்கே அகழ்கிறார்கள். குன்றின் மேல்தளத்தை ஊர்க்காரர்கள் 'பியானோ டெல் தெசோரோ', அதாவது புதையல் திடல் என்று அழைக்கிறார்கள். அந்தத் திடலில் கூடை கூடையாக வருவதோ உடைந்த கூரை ஓடு. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அங்கே நீண்ட பட்டறைக் கொட்டகை ஒன்று இருந்தது. ஓடு அறுத்தார்கள், வெண்கலம் வார்த்தார்கள், எலும்பும் தந்தமும் செதுக்கினார்கள். அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் அது தீப்பற்றி எரிந்தது. சூளைக்குப் போகாமல் தரையில் உலர்ந்துகொண்டிருந்த பச்சை ஓடுகள்மீது தப்பி ஓடியவர்களின் காலடித் தடங்கள் பதிந்திருக்கின்றன. சுடாத களிமண்ணுக்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் நிறத்தில் சிறு வேறுபாடுதான். மண்வெட்டி ஒருமுறை ஆழமாக இறங்கியிருந்தால் அந்தத் தடங்கள் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆகவே ஒருநாள் வேலை விடிந்ததுமே தொடங்கிவிடும். இரவில் மூடிய பாலித்தீன் விரிப்பை எடுத்த அடுத்த ஒரு மணி நேரம் மிக முக்கியமானது. மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் சாய்வாக விழும். சாம்பல், எரிந்த செம்மண், மிதித்துக் கெட்டித்த தரை, பின்னாளில் வெட்டிய குழியின் விளிம்பு எல்லாம் அப்போதுதான் தனித்தனி நிறமாகத் தெரியும். விளிம்புகளைக் கரண்டி முனையால் உடனே கீறி வைத்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் மேற்பரப்பு காய்ந்து வெளுத்து, எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். பூவாளியால் நீர் தெளித்தால் நிறம் சிறிது நேரம் திரும்பும், ஆனால் தேங்கவிட்டால் சேறாகும். காய்ந்த மண்ணை உலர்ந்த தூரிகையால் தேய்ப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. தூசி எல்லைமேல் படிந்து அதையே மறைத்துவிடும். கொத்துக்கரண்டியின் பக்க விளிம்பைத் தன் பக்கமாக இழுத்துச் சீவுவதே சரி.

5 மீட்டருக்கு 5 மீட்டர் குழியில் 10 செ.மீ. இறக்கினால் 2.5 கன மீட்டர் மண். தோண்டிய மண் உப்பும் என்பதால் 10 லிட்டர் வாளியில் 300 நடை தாண்டும். அது அத்தனையும் 5 மி.மீ. சல்லடை வழியாகப் போக வேண்டும். மரவேர் நுழைந்த இடத்திலும் எலி வளையிலும் மண் பொலபொலவென்று இருக்கும். அதைத் தனியாக எடுத்துத் தனிச் சீட்டுப் போடாவிட்டால், மேலடுக்கின் ஓட்டுத்துண்டு கீழடுக்கின் பையில் சேர்ந்து அந்த அடுக்கின் காலத்தையே மாற்றிச் சொல்லும். மட்டக் கருவியால் ஆழம் அளப்பதிலும் இதே கவனம் தேவை. அளவுகோலை ஆள் சாய்த்துப் பிடித்தாலோ, ஆழங்களை எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறோமோ அந்த அடிப்படை மட்டத்தைக் காலையில் தவறாகக் குறித்தாலோ, அன்றைய ஆழங்கள் பிசகிவிடும். கருவியை மடக்குமுன் அடிப்படைப் புள்ளியை மறுபடி படித்துப் பார்ப்பது அதற்காகவே.

பிற்பகலில் வேலை நிழலுக்கு மாறும். ஓடுகளைத் தட்டை ஓடு, மூடு ஓடு என்று பிரித்து எண்ணி, எடை போட்டு எழுதுகிறார்கள். வண்ணம், அச்சு, விளிம்பு உள்ளவற்றைத் தனியே வைக்கிறார்கள். எத்ருஸ்கரின் புக்கேரோ என்னும் கரிய பளபளப்பான மட்கலத்தை மென்மையான பல்துலக்கியால் மட்டும் கழுவலாம். அழுத்தித் தேய்த்தால் மினுப்புப் போய்விடும். பச்சை ஓட்டைத் தண்ணீரில் போட்டால் கரைந்தே போகும். வெண்கலத்தைக் கழுவவே கூடாது. உள்ளே தங்கிய குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சைத் தூளாக உதிரத் தொடங்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட உலர்ந்த பெட்டிதான் அதற்கு இடம். எலும்பையும் தந்தத்தையும் வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

'கரியைச் சோதித்தால் ஆண்டு தெரிந்துவிடுமே, ஓட்டை எண்ணுவானேன்?' என்று கேட்கலாம். கரியில் அளந்த கார்பனை ஆண்டாக மாற்ற உதவும் அளவீட்டுக் கோடு கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. அக்காலக் கரி ஒன்றைச் சோதித்தால் பல சமயம் சில நூற்றாண்டு அகலமுள்ள விடையே வரும். எத்ருஸ்கரின் சிறந்த காலம் முழுக்க இந்தத் தட்டைக்குள் அடங்குகிறது. கீழடி தொடர்பாகப் பேசப்படும் கி.மு. 6ஆம் நூற்றாண்டும் அதற்குள்தான் வருகிறது. அதனால் மண்ணடுக்கும் மட்கல வகையும் கூடவே இருந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. 1945இல் அரிக்கமேட்டில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் காலத்தை நிறுவியதும், காலம் ஏற்கெனவே தெரிந்த அரெட்டைன் என்ற ரோமானியச் சிவப்புப் பானையோடுகள் இருந்த அடுக்கைக் கொண்டுதான். அந்த வகைக்குப் பெயர் தந்த அரெஸ்ஸோ, முர்லோ இருக்கும் அதே தஸ்கனியில், ரோமர் கைக்குப் போன பழைய எத்ருஸ்க நகரம். புதுச்சேரிக் கரையின் வரலாற்றுக்கு ஆண்டு கொடுத்தது அந்த மண்ணிலிருந்து வந்த உடைந்த ஓடு.

அடுக்குத் தெரியாத பொருளுக்கு என்ன ஆகும் என்பதற்கு, ரோமுக்கு அருகே உள்ள பழைய எத்ருஸ்க நகரமான செர்வெத்தேரி சாட்சி. 1971இல் அங்கே கல்லறைத் திருடர்கள் தோண்டிய, யூஃப்ரோனியோஸ் என்ற பழைய கிரேக்க ஓவியர் தீட்டிய ஏதென்ஸ் கலயத்தை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972இல் 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2008இல் அது இத்தாலிக்குத் திரும்பியது. அந்தக் கலயத்தோடு வேறு என்னென்ன, எந்த வரிசையில் வைக்கப்பட்டிருந்தன என்பது தோண்டிய இரவிலேயே அழிந்துவிட்டது.

ஆகவே எங்கள் கோரிக்கை சிறியது. அகழாய்வுச் செய்தியில் 'புதையல்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டு வரி சேருங்கள்: பொருள் எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது, அதே அடுக்கில் கூட என்ன கிடைத்தது. அகழாய்வுக் குழுவைக் கேட்டால் அன்றைய பதிவேட்டிலிருந்தே சொல்லிவிடுவார்கள். படம் போடும்போது கழுவித் துடைத்த பொருளோடு, அது மண்ணில் கிடந்த நிலையில், அளவுகோலோடு எடுத்த படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தொல்லியல் களப்பணியாளர்கள் சிலர்,
மதுரை