காட்டத்தி மரத்தில் ஏறின தம்பிக்கு

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அங்கே சபையில் சாட்சி சொன்ன வீடியோவை ஆறு தடவை பார்த்துவிட்டேன். அடுத்த வீட்டுச் சித்திக்கும் காட்டினேன். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது என்று நீ சொன்ன இடத்தில் முட்டுவலியையும் பார்க்காமல் முழங்கால் போட்டுவிட்டேன். எத்தனை வருஷத்து ஜெபம் அது, உனக்குத் தெரியாது. முதல் வாரம் கை நடுங்கியது, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. சரி, இருக்கட்டும். ஆனால் ரொம்ப நாள் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்புகூட வரும், டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நர்சம்மா சொன்னாள். கர்த்தர்தான் காத்தார். இனியாவது ஒரு தடவை போய் ஈரலைச் சோதித்துக்கொள். தண்ணீர் நிறையக் குடி. சம்பளம் வருகிற அன்றைக்குத் தனியாக இருக்காதே, நேரே வீட்டுக்குப் போ. அப்பா இருந்திருந்தால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஞாயிறு முதல் மணி அடிக்கும் முன்னாலேயே வேஷ்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டிருப்பார்கள்.

இங்கே எல்லாரும் சுகம். பதநீர் வர ஆரம்பித்துவிட்டது. மேலத்தெருக் கிணறு இந்த வருஷமும் வற்றவில்லை. அக்காள் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போகிறாள். உனக்குத் தெரிந்திருக்காது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் ஆனதால் புதன்கிழமைதோறும் மாலை ஆராதனை நடக்கிறது. போன வாரம் குருவானவர், இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறின வரி வசூல்காரன் சகேயுவைப் பற்றிப் பேசினார். எனக்கு உடனே நீதான் ஞாபகம் வந்தாய். வி.பி.எஸ். விடுமுறை வேதாகமப் பள்ளி நாடகத்தில் சகேயுவாகக் கொய்யா மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுதாயே! மரத்துக்குக் கீழே நின்று, "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்ற வசனத்தை உனக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார். அந்த வசனத்தை உன் வாயில் வரவைக்க அவள் ஒரு வாரம் பாடுபட்டாள்.

குருவானவர் சொன்ன ஒரு காரியம் என்னைத் தூங்கவிடவில்லை. சகேயுவிடம் இயேசு பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம். இறங்கி வா, உன் வீட்டில் தங்க வேண்டும் என்று மட்டும்தான் சொன்னார். சகேயு தானாக எழுந்து நின்று, யாரிடம் அநியாயமாய் வாங்கினேனோ அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். லேவியராகமத்தின்படி பார்த்தால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தாலே போதும். அவன் நாலு மடங்கு என்றான். அதற்கு அப்புறம்தான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று கர்த்தர் சொல்கிறார். முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த வரிசையை நான் கவனித்ததே இல்லை.

தம்பி, அந்த வீடியோவில் உன் மேலதிகாரிக்கு நன்றி சொன்னாய், உன் பாஸ்டருக்குச் சொன்னாய், உன் வீட்டுக்காரிக்குச் சொன்னாய். நம் ஊர் மெஞ்ஞானபுரத்தையும் நம் கோயிலின் 192 அடிக் கோபுரத்தையும்கூடச் சொன்னாய். அக்காள் பேர் இப்போது வரும், இப்போது வரும் என்று ஆறு தடவையும் காத்திருந்தேன். கோபுரத்துக்குக் கிடைத்த இடம் உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவளுக்குக் கிடைக்கவில்லை.

அப்பாவின் முதலாம் ஆண்டு ஜெபத்தன்று, இலை போட்டிருக்கும்போது, நீ அவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். அவள் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனாள். குடித்துவிட்டுப் பேசினான் என்று சொந்தக்காரர்களிடம் நானே சொல்லிச் சமாளித்தேன். நீ அன்றைக்குக் குடிக்கவில்லை, தம்பி. எனக்குத் தெரியும். குடி போய்விட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்த வார்த்தை குடியினால் வந்தது இல்லையே, அது குடியோடு எப்படிப் போகும்?

பணத்தாசை பிடித்தவள் என்றுதானே அவளை நினைத்தாய்? அப்படி நினைக்கவைத்தது நான்.

இதை எழுதத்தான் மூன்று நாளாகத் தாளை எடுத்து எடுத்து வைத்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி அப்பா என்னிடம், "பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் சமமாகக் கொடுத்துவிடு" என்று தெளிவாகச் சொன்னார்கள். நான் அக்காளிடம் போய், எல்லாம் தம்பிக்கே என்று அப்பா சொன்னார்கள் என்றேன். உனக்குக் கடன் இருந்தது, பெங்களூரு வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உயில் இல்லாமல் இறந்தால் நம் கிறிஸ்தவ ஜனங்களுக்கு 1925-ஆம் வருஷ வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமம், ஆண் பெண் வித்தியாசம் கிடையாது என்று பத்திரம் எழுதுகிறவர் எடுத்துச் சொன்னார். அவள் சம்மதித்துவிட்டாள், எழுதுங்கள் என்றேன். அவள் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது, "அப்பா சொன்னாங்கன்னா சரிம்மா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டு ஜெபத்தன்று அவள் உன்னிடம் கேட்டது பங்கு இல்லை. அப்பா உண்மையிலேயே அப்படிச் சொன்னார்களா என்றுதான் கேட்டாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை.

அப்புறம் எத்தனை ஞாயிறு திருவிருந்துக்குப் போயிருப்பேன்! சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்றால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று எழுதியிருக்கிறது. என் வயிற்றில் பிறந்தவள் குறையை வைத்துக்கொண்டே நான் போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கினேன். உன் வீடியோவைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. போன ஞாயிறு எழுந்தேன், மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். முட்டுவலி என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் கைபிடித்துத் தூக்க வந்தார்கள்.

நீ குடியை விட்டாய் என்ற தைரியத்தில்தான் எனக்கு இதைச் சொல்லத் துணிவு வந்தது. மகன் முன்னே போகிறான், தாய் பின்னே வருகிறேன்.

இந்த வீட்டில் எனக்குள்ள மூன்றில் ஒரு பங்கை அக்காள் பேருக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன். அது நாலத்தனை ஆகாது. ரோட்டு மேல் இருந்த 40 சென்டை விற்றாயிற்று, அதை என்னால் திரும்பக் கொண்டுவர முடியாது. உன் பங்கை நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உன் வீட்டுக்காரியோடு உட்கார்ந்து பேசு, ஜெபம் பண்ணு. கோபம் இருந்தால் என்மேல் கோபப்படு, அவள்மேல் வேண்டாம்.

பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் போய்ச் சொல்வோம் என்று முதலில் நினைத்தேன். அதுவும் தள்ளிப்போடுகிறதுதான். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அக்காள் வீட்டுக்குப் போகிறேன். பாப்பா பள்ளிக்கூடம் போனபிறகு அவளிடம் பேசுவேன். அவள் என்னை வெளியே நிற்கவைத்தாலும் நிற்பேன். அங்கிருந்து உன்னைக் கூப்பிட மாட்டேன், உன் பேரையும் நான் இழுக்க மாட்டேன்.

அவள் நம்பர் மாறவில்லை. அப்பா போனில் முதலாவதாகப் போட்டுவைத்திருந்தார்களே, அதே நம்பர்தான்.

தண்ணீர் குடிக்க மறக்காதே. ஈரல் சோதனையையும்.

இப்படிக்கு,
அம்மா