செக்கன்களும் நோயின் பகுதியே

ஆசிரியர் அவர்களுக்கு,

பார்க்கின்சன் நோய் என்றதும் நம்மவர்களின் நினைவுக்கு வருவது நடுக்கம்தான். வீட்டுக்கு வருவோர் என் தாயாரிடம் முதலில் கேட்பதும் ‘கை நடுக்கம் எப்படி?’ என்றுதான். ஆறு ஆண்டுகளாக அவரைப் பராமரித்துவரும் மகள் என்ற முறையில், நடுக்கத்தைவிட எங்களைக் கூடுதலாக அலைக்கழித்த வேறொன்றை எழுத விரும்புகிறேன். நேரம் எவ்வளவு கழிந்தது என்ற உணர்வு, குறிப்பாகச் செக்கன் கணக்கிலான உணர்வு, இந்நோயில் குழம்பிப்போகிறது. நாங்கள் ஏறி இறங்கிய எந்தக் கிளினிக்கிலும் இதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒரு காலை பலாலி வீதியைக் கடப்பதற்காக இருவரும் நின்றிருந்தோம். ‘கொஞ்சம் பொறுங்கோ அம்மா, பஸ் போகட்டும்’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் காலை எடுத்து வைத்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்தேன். ‘எவ்வளவு நேரம்தான் நிக்கிறது பிள்ளை?’ என்றார். நாங்கள் நின்றது 10 செக்கன்கூட இராது. அதே அம்மா, வீட்டில் தொலைபேசி அடித்து ஓய்ந்த பின்னர் எழுந்து, ‘இப்பதானே அடிச்சது’ என்பார். முன்னதைப் பிடிவாதம் என்று கடிந்துகொண்டேன். பின்னதை மறதி என்று வீட்டில் எல்லோருமாக முடிவுகட்டினோம்.

இந்நோய் பற்றி வாசிக்கத் தொடங்கிய பின்னர் ஒருநாள், மத்தியானக் குளிசைக்குச் சற்று முன்னதாக, சுவர் மணிக்கூடு அவருக்குத் தெரியாதபடி கதிரையைத் திருப்பிப் போட்டு, 15 செக்கன் ஆனதாகத் தோன்றும்போது கை தட்டும்படி கேட்டேன். அம்மா முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். மனதுக்குள் எண்ணிவிடுவார் என்பதால், நாட்காட்டியில் நான் தொட்டுக் காட்டும் இலக்கங்களை உரத்து வாசிக்கவும் சொன்னேன். ஒன்பதாவது செக்கனில் தட்டினார். மறுபடியும் செய்தோம், பத்தாவதில் தட்டினார். ‘சரிதானே?’ என்று அவர் என் முகத்தைப் பார்த்தபோது, வீதியோரத்தில் கடிந்துகொண்டதை எண்ணி மிகவும் வருந்தினேன்.

வீட்டில் செய்தது ஆய்வாகாது என்பதை அறிவேன். ஆனால் முறையான ஆய்வுகளும் இருக்கின்றன. 8 செக்கனையும் 21 செக்கனையும் பழகிக்கொண்ட நோயாளர்கள், மருந்தின் தாக்கம் இல்லாத நிலையில் அவற்றை மீளச் செய்துகாட்டியபோது, குறுகியதை நீட்டியும் நீண்டதைக் குறுக்கியும் காட்டினர் என்பதை 1998இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. மருந்து வேலை செய்யும் நிலையில் அதே நோயாளர்கள் சரியாகச் செய்தனர். ஆகவே, மூளைக்குள் இருக்கும் மணிக்கூடு மெதுவாக ஓடுகிறது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. மூளை நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமின் என்ற இரசாயனம் இந்நோயில் குறையும்போது, மூளையின் ஆழத்தில் உள்ள நரம்புமுடிச்சுகள் நேர இடைவெளிகளை நினைவில் வைத்து மீட்டெடுக்கும் வேலையே பிசகுகிறது.

இதற்கு ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை தரும் சான்றுதான் என்னை மிகவும் கவர்ந்தது. 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பேராசிரியர் அலிம் லூயி பெனாபிட் குழுவினர் தொடங்கிவைத்த முறை இது. மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, காறை எலும்பின் கீழே தோலுக்கடியில் வைக்கப்படும் பற்றறிக் கருவியிலிருந்து வழமையாகச் செக்கனுக்கு 130 தடவை அளவில் மின்துடிப்பு அனுப்புகின்றனர். ஜேர்மனியின் டுசெல்டோர்ப் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இக்கருவி பொருத்தப்பட்ட 12 நோயாளர்களுக்குத் தூண்டலின் வேகத்தை மாற்றிமாற்றிப் பார்த்தனர். நோயாளர்கள் 15 செக்கனைக் குறைத்தே காட்டினர். துடிப்பைச் செக்கனுக்குப் பத்தாகக் குறைத்தபோது, கருவியை நிறுத்தி வைத்திருந்த நிலையைவிடவும் அந்தப் பிழை கூடியது. 130 அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் அவ்வாறு கூடவில்லை. கருவியின் துடிப்பு வேகத்தை மாற்றினால் மாறும் ஒன்றை நோயாளியின் குணம் என்று எப்படிச் சொல்வது? என் தாயாரின் அவசரம் அவருடைய சுபாவமல்ல, நோய்தான் என்பதை நான் முழுமையாக ஏற்றுக்கொண்டது இதை வாசித்த பின்னர்தான்.

பன்னிரண்டு பேர் என்பது சிறு தொகை என்பதை மறைக்க விரும்பவில்லை. நேர உணர்வைச் சீராக்குவதற்காக எவரும் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போவதுமில்லை. டோபமின் குறைவை ஈடுசெய்யும் லெவோடோபா மருந்துக்கு உடல் இன்னமும் இசைந்தும், அதன் பலன் ஏறியிறங்குவதாலோ கட்டுப்படாத அசைவுகளாலோ அவதிப்படுபவர்களுக்கே வைத்தியர்கள் பெரும்பாலும் இதைப் பரிந்துரைக்கின்றனர். மூளையில் இரத்தக்கசிவு, கிருமித்தொற்று ஆகிய ஆபத்துகளும் உண்டு. ஆயினும், சிகிச்சை மருந்தாயினும் கருவியாயினும், கை நடுக்கத்தையும் நடையையும் பரிசோதிக்கும் வைத்தியர்கள், வீதி கடப்பது எப்படி, அடுப்படியில் நிற்பது எப்படி, ஒரு கேள்விக்கு மறுமொழி வர எவ்வளவு நேரமாகிறது என்றும் வீட்டாரிடம் கேட்டறிய வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் போதும். கிளினிக் வாசலில் எத்தனை நெரிசல் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே இதைக் கேட்கிறேன்.

தங்கள் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில் நரம்பியல் நிபுணர் ஒருவரைக் கொண்டு இது குறித்து விரிவாக எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன். இப்போதெல்லாம் வீதியோரத்தில் ‘பொறுங்கோ’ என்று அம்மாவிடம் நான் சொல்வதில்லை. அவர் கையைப் பிடித்தபடி ஒன்று, இரண்டு என்று உரத்து எண்ணுகிறேன், அவரும் என்னுடன் சேர்ந்து எண்ணுகிறார். இந்தச் சிறு வழிகூடத் தெரியாமல் பெற்றோரைக் கடிந்துகொண்டிருக்கும் வீடுகளுக்கு அந்தக் கட்டுரை விரைவில் போய்ச் சேர வேண்டும்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.