டிக்கியில் ஜெனரேட்டர் வேண்டாம், கண்ணு

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய படத்தை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டிக்கியில் 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர், அதிலிருந்து உன் மின்சாரக் காரின் சார்ஜருக்கு ஒரு கேபிள், தரையில் துளை போட்டுப் புகைக்குழாய். அளவுகளெல்லாம் சுத்தமாக இருக்கின்றன. பத்து வயதில் என் பட்டறையில் உட்கார்ந்து காயிலுக்குச் சுற்று எண்ணிய பெண் போட்ட படம் என்று அம்மாவிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். ஆனால் இதைச் செய்யாதே. போனில் சொன்னால் இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு மேட்டுப்பாளையத்தில் 19 சதவீதம் காட்டிய பேட்டரி, மலைப்பாதையில் குஞ்சப்பனை வருவதற்குள் 8 ஆகிவிட்டது. டீக்கடைக்காரர் வீட்டுப் பிளக்கில் கேபிளை மாட்டிவிட்டு, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். அன்று இங்கே வாசலில் நின்ற எனக்கும் அந்த மூன்று மணி நேரம் மறக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறக்குறைய 1,450 மீட்டர் ஏற்றம். ஒன்றரை டன் காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே 6 யூனிட் வேண்டும். சமவெளிக் கணக்கை மலையில் போட்டதுதான் அன்று நடந்த தவறு.

இப்போது உன் ஜெனரேட்டரின் கணக்கைப் பார். அது தொடர்ந்து தருவது இரண்டரை கிலோவாட். உன் கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் ஓடவே சுமார் 12 கிலோவாட் கேட்கும். ஒரு மணி நேரம் முழுமூச்சாக இரைந்தாலும் அந்த ஜெனரேட்டர் 16 கிலோமீட்டருக்கான மின்சாரத்தைத்தான் கொடுக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறத்தாழ 9 யூனிட் சக்தி இருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் இரண்டு யூனிட்டை மின்சாரமாக்கினாலே பெரிது. சார்ஜரில் போகும் நஷ்டத்தையும் கழித்தால் லிட்டருக்குப் பத்துப் பதினொன்று கிலோமீட்டர். நீ விற்றுவிட்டு வந்த பழைய பெட்ரோல் கார் இதைவிட நன்றாகக் கொடுத்தது.

ஓடும்போது சார்ஜ் ஆகும் என்று நீ எழுதியிருப்பதும் நடக்காது. சார்ஜ் ஏற்றும் பிளக் (சார்ஜிங் கன்) மாட்டியிருக்கும்வரை கார் கியரை ஏற்காது. நின்ற இடத்தில் போடலாமென்றாலும், சார்ஜர் முதலில் எர்த்தைத் தேடும். இந்தச் சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது; சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். சார்ஜரை விட்டுவிட்டு ஓடும்போதே ஏற்ற வேண்டுமானால் பேட்டரியின் உயர் மின்னழுத்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும். அது 300 வோல்ட்டுக்கு மேல், அதுவும் டிசி, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். நாற்பது வருடம் மோட்டார் சுற்றிய நானே அதில் கை வைக்க மாட்டேன். உன்னையும் வைக்க விட மாட்டேன்.

எண்ணம் மட்டமானது என்று நான் சொல்லவே இல்லை. நூற்றிருபது வருடத்துக்கும் முந்தைய எண்ணம் இது. 1900-இல் வியன்னாவில் லோனர் கம்பெனியில் வேலை பார்த்த இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மின்சாரக் காரைச் செய்தார். அதிலிருந்த ஈய பேட்டரி மட்டும் 400 கிலோவுக்கு மேல். அவ்வளவு சுமந்தும் தூரம் போதவில்லை. உடனே அதே அமைப்பில் இரண்டு சின்ன பெட்ரோல் எஞ்சின்களையும் ஆளுக்கொரு ஜெனரேட்டரையும் சேர்த்தார். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. எஞ்சின் மின்சாரம் செய்யும், மின்சாரம் சக்கரத்தைச் சுற்றும். 'எப்போதும் உயிரோடு இருப்பது' என்று அதற்கு லத்தீனில் பெயர் வைத்தார். உன் படத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது அந்த வண்டிதான். ஆனால் அவர் இருந்த காருக்குள் எஞ்சினைத் திணிக்கவில்லை. பேட்டரியைக் குறைத்து, எஞ்சினுக்கு நடுவில் இடம் ஒதுக்கி, வண்டியையே அதற்காக மாற்றினார்.

நம் காலத்தில் பிஎம்டபிள்யூ ஐ3 காரில் இதையே செய்தார்கள். 647 சிசி, இரண்டு சிலிண்டர், ஸ்கூட்டர் எஞ்சின் வழி வந்தது. டேங்க் 9 லிட்டர்தான். அதிலும் 120 கிலோ எடை கூடியது. ஜெனரேட்டர் 25 கிலோவாட் வரை தரும், நீ வாங்க நினைப்பதைப் போலப் பத்து மடங்கு. அப்படியிருந்தும் பேட்டரி வற்றிய நிலையில் நீண்ட ஏற்றத்தில் அந்தக் கார் திணறும். 2018-இல் பெரிய பேட்டரி வந்ததும் ஐரோப்பாவில் எஞ்சின் வைத்த வகையையே நிறுத்திவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஆலன் கொக்கோனி என்பவர் 1990-களில் எஞ்சினையும் ஜெனரேட்டரையும் ஒரு தனி இழுவண்டியில் ஏற்றிக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டார். தூரப் பயணத்துக்கு மட்டும் பூட்டு, ஊருக்குள் கழற்றி வை. அழகான யோசனை, புகையும் வெளியே போய்விடும். நம் கொண்டை ஊசி வளைவுகளில்தான் அதற்கு வழியில்லை.

புகை என்றதும் நான் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ பிறப்பதற்கு முன்பு, ஒரு கல்யாண மண்டபத்தில் மின்சாரம் போனதால் வாடகைக்கு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் எடுத்து ஓட்டினோம். நல்ல மழை. நனையக் கூடாதென்று அதைப் பாத்திர அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். புகைக்கென்று ஜன்னலில் ஒரு குழாயும் விட்டிருந்தோம். உன் படத்தில் இருப்பதும் அதே மாதிரிக் குழாய்தான். என் உதவிப் பையன் உள்ளேயே காவலுக்கு உட்கார்ந்தான். முகூர்த்தம் முடிந்து பெட்ரோல் ஊற்றப் போனபோது அவன் மூட்டையில் சாய்ந்து கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்து இரண்டு தடவை அதட்டினேன். எழவில்லை. வெளியே தூக்கிவந்து மழையில் கிடத்தி, ஜீப் பிடித்துக் குன்னூருக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் மாதிரி வரும் என்று டாக்டர் சொன்னார். உன் டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் நடுவில் சுவர் கிடையாது. பின் இருக்கையில் பாப்பா தூங்கிக்கொண்டு வருவாள். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

சட்டமும் விடாது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில், வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய 52-ஆவது பிரிவைப் படித்துப் பார். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் திறப்பது டிக்கியைத்தான்.

பொங்கலுக்கு எப்படி வருவது என்றால், அவினாசியில் சாப்பிடும் நேரத்திலேயே சார்ஜ் போட்டுவிடு. நூறில் ஓட்டாதே, எண்பதில் வா; காற்றுத் தடை மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். மேட்டுப்பாளையத்தில் 40 சதவீதத்துக்குக் குறைந்தால் மலை ஏறாதே, அங்கே அரை மணி நேரம் நின்று சார்ஜ் ஏற்று.

வீட்டுத் தாழ்வாரத்தில் உனக்காக ஒரு 15 ஆம்பியர் பாயிண்ட் போட்டிருக்கிறேன். மீட்டரிலிருந்து தனி லைன், நல்ல கனமான ஒயர். பழைய எர்த்தை நம்பாமல் கொய்யா மரத்தடியில் புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். ராத்திரி மாட்டினால் பத்து மணி நேரத்தில் முப்பது யூனிட் வரை ஏறும்.

திரும்பிப் போகும்போது மட்டும் முழுதாக நிரப்பாதே, 85-இல் கழற்றிவிடு. நிறைந்த பேட்டரி இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அப்போது முழு வேலையும் பிரேக்கின் தலையில் விழும், கொண்டை ஊசியில் அது சூடேறும். இடம் விட்டு இறங்கினால் மேட்டுப்பாளையம் போகும்போது ஏறின கணக்கில் கொஞ்சம் திரும்பக் கிடைத்திருக்கும். அம்மா வர்க்கி வாங்கி வைக்கிறாளாம். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அப்பா