அவன் பிழைத்துக்கொண்டான் என்றீர்களே, சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் வராமலேயே அப்பத்தாவின் திதி முடிந்தது. ஏன் வரவில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். பர்மாவின் மோல்மேனில் பாதிப் பேருக்கும் தெரியும். ஊரார் படிக்கும் இடத்தில் அதைக் கிளறப் போவதில்லை.

ரங்கூன் பான்சோடான் தெருவில் பழைய புத்தகமாக நீங்கள் வாங்கி வந்த, அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் கதைத் தொகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். கனடாவின் யூக்கான் பனியில் ஒரு நாயோடு போய், தீ மூட்டப் போராடுகிறவனின் கதையை மின்சாரம் போன இரவுகளில் சொல்வீர்கள். உங்கள் வாயில் அவன் எப்போதும் பிழைத்துவிடுவான். பன்னிரண்டு வயதில் அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன்: "பொய்! அவன் விறைத்துச் செத்தான்."

அப்பத்தா வெற்றிலை மடிப்பதை நிறுத்தினாள். "அந்த நாய் என்ன ஆயிற்று?" என்றாள். பிண வாடை பட்டதும் வேறு ஆட்கள் இருந்த முகாமைத் தேடிப் போய்விட்டது என்றேன்.

"போகத்தானே வேண்டும்" என்றாள். நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு, 1942இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சி நம் ஆட்கள் பர்மாவிலிருந்து இந்தியாவை நோக்கி நடந்தபோது, அவள் யாரை வழியில் விட்டு நடந்தாள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எதையும் சொல்லாமல் வளர்த்த பிள்ளையிடம் வாயைத் திறந்ததற்காக எத்தனை நாள் முகம் திருப்பிக்கொண்டீர்கள்!

அண்மையில்தான் தெரிந்தது, லண்டன் அதை இரண்டு முறை எழுதியிருக்கிறார். 1902இல் சிறுவர் பத்திரிகையில் வந்ததில் அவனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு, பிழைக்கிறான். 1908இல் வந்ததில் பெயரும் இல்லை, உயிரும் மிஞ்சவில்லை. முதல் கதை உங்களுக்குத் தெரிந்திருந்ததா, அப்பத்தாவுக்காக நீங்களே மாற்றினீர்களா? பின்னதாக இருந்தால் உங்கள் மேல் எனக்கு இன்னும் பிரியம் கூடும்.

ஆனால் கதையில் வரும் அந்த சல்ஃபர் கிரீக் கிழவரின் புத்திமதி, கடுங்குளிரில் தனியே போகாதே என்பது, அதை நம் ஆட்கள் மீதும் வைத்தீர்களே! "பிழைக்கத் தெரியாதவர்கள் செத்தார்கள்" என்று ஒருமுறை சொன்னீர்கள். அந்த யூக்கானில் உள்ள கிளாண்டைக்கில் 1896இல் தங்கம் கிடைத்ததும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் புறப்பட்டார்கள். ஓராண்டு உணவு இல்லாதவரைக் கனடியக் காவலர்கள் எல்லையிலேயே நிறுத்தினார்கள். 21 வயதில் போன லண்டன், ஹெண்டர்சன் ஓடைப் பக்கம் குளிர்காலத்தைக் கழித்து, ஸ்கர்வி நோயோடு திரும்பினார். அவர் கதையில் வருகிறவன் அதே ஓடையோரம், வசந்தத்தில் மரம் இறக்க முடியுமா என்று பார்க்கச் சுற்றுவழியில் போனவன். பூஜ்யத்துக்குக் கீழே 75 டிகிரி பாரன்ஹீட்டில், வேண்டுமென்றே. பனிக்கு அடியில் இருந்த தண்ணீரில் கால் நனைந்ததுதான் அவனுக்கு எமன்.

1942இல் பர்மாவின் பிரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டித் தாவுங்குப்புக்கு நடந்தவர்களை யார் நிறுத்தி உணவு இருக்கிறதா என்று கேட்டார்கள்? தண்ணீரே இல்லை. தனியாகவும் போகவில்லை, ஆயிரக்கணக்கில் போனார்கள். அந்தக் கூட்டத்தோடுதான் காலராவும் நடந்தது. எந்தக் கிழவரின் புத்திமதி அங்கே உதவியிருக்கும்?

படையல் போடும்போது எல்லோர் பெயரையும் சொன்னோம். அந்தப் பிள்ளையின் பெயர் வந்தபோது நான் விழித்தேன். உங்களுக்குத் தெரியும். எழுதி அனுப்புங்கள். ஊர் பார்க்க வேண்டாம், தபாலில் போடுங்கள்.