கு.க. (குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்) நம்பர் கேக்குற மேலதிகாரிகளுக்கு, ஒரு வி.எச்.என் (கிராம சுகாதார செவிலியர்) எழுதுறது

மதிப்புக்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

போன வாரம் ரிவ்யூ மீட்டிங்ல என்னை எழுப்பி நிக்க வச்சு "ரெண்டு குழந்தை பெத்த கேஸ் பதினொன்னு, கு.க. நாலுதானா, மிச்சம் ஏழு என்னாச்சு"ன்னு கேட்டீங்க. அத்தனை பேர் முன்னாடி வாய் வரல. இப்ப சொல்றேன், அந்த ஏழுல ஒரு பொண்ணப் பத்தி மட்டும்.

வயசு 23. ரெண்டாவதும் சிசேரியன்னு முன்னாடியே தெரியும். ஏழாம் மாசத்துலேருந்து அவ வீட்டுக்கு நடையா நடந்தேன், "சிசேரியன் பண்ணும்போதே கையோட கு.க.வும் பண்ணிக்கோ பாப்பா, ஒரே வலியோட போயிடும்"னு அதே டயலாக். மாமியார் சரின்னுட்டாங்க, புருஷன் சரின்னுட்டான், அவ மட்டும் நைட்டி நுனிய முறுக்கிட்டே உக்காந்திருந்தா. அப்புறம் மெதுவா கேட்டா, "அக்கா, நீங்க என்ன பண்ணிருக்கீங்க?"

நான் காப்பர் டி போட்டிருக்கேன் சார். பத்து வருஷம் தாங்குற 380ஏ. அதுக்கு முன்னாடி சாயாங்கிற கருத்தடை மாத்திரை சாப்பிட்டுப் பாத்தேன், மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, எனக்கு மறந்து மறந்து போச்சு, அதனால லேடி டாக்டர்கிட்ட ப்ளீடிங் ஜாஸ்தியாகுமா ஜாஸ்தியாகுமான்னு நாலு தடவ கேட்டு, ரெண்டு மாசம் யோசிச்சு அப்புறம்தான் போட்டேன். வலியில கெடக்கும்போது யாரும் என்கிட்ட ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுன்னு பேப்பரும் பேனாவுமா வந்து நிக்கல. இதெல்லாம் அவகிட்ட சொல்ல முடியல, "எனக்கு வேற மாதிரி பாப்பா"ன்னு மழுப்பிட்டு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் கூசுச்சு.

மீட்டிங் முடிஞ்சு பஸ்ல வரும்போது இதையே எங்க ஆளுங்ககிட்ட கேட்டேன். ஆறு பேர். மூணு பேர் காப்பர் டி, ஒருத்தி மாத்திரை, ஒருத்தி வீட்டுக்காரர் காண்டம், ஒருத்திதான் ஆபரேஷன், அதுவும் 35 வயசுல தானா முடிவு பண்ணிப் போனது. ஊருக்கெல்லாம் ஒண்ணையே சொல்ற நாங்க எங்களுக்குன்னு வரும்போது மட்டும் எல்லாத்தையும் எடுத்துப் பாத்து பொறுக்கிக்கிறோம். ஆபரேஷன் தப்புன்னு சொல்லல, தெரிஞ்சு கேக்குறவங்களுக்கு அது நல்ல வழிதான், ஆனா அந்தப் பொண்ணுக்கு மத்ததை நாங்க எடுத்துக் காட்டவே இல்லையே.

கு.க.வுக்கு டார்கெட் கெடையாதுன்னு கவர்மென்ட்டே 1996-லயே சொல்லியாச்சு. 2016-ல சுப்ரீம் கோர்ட்டும் டார்கெட் வச்சு நெருக்கக் கூடாதுன்னுச்சு. நீங்க இ.எல்.ஏ-ன்னு (எதிர்பார்க்குற அளவுன்னு அர்த்தம்) பேரை மாத்தி அதையே கேக்குறீங்க. தயவு செஞ்சு நம்பர் கேக்காதீங்க. ஏழாம் மாச செக்கப்ல ஒவ்வொரு பொண்ணுக்கும் பத்து நிமிஷம் குடுங்க, தனியா, மாமியார் இல்லாம. எல்லாத்தையும் சொல்றோம், அவ எத சொல்றாளோ அத எழுதிக்குறோம், வேணாம்னா வேணாம்னு எழுதிக்குறோம்.

நம்பர்தான் வேணும்னா ஒண்ணு சொல்லவா? 2019-21 குடும்ப நல சர்வேல நம்ம தமிழ்நாட்டுல 15-லேருந்து 49 வயசு வரைக்கும் உள்ள கல்யாணமான பொம்பளைங்கள்ல நூத்துக்கு கிட்டத்தட்ட 58 பேர் ஆபரேஷன் பண்ணிருக்காங்க, புருஷன் பண்ணிக்கிட்டது ஆயிரத்துக்கு ஒருத்தர். ஆம்பளைங்க பண்ணிக்கிற நவீன வாசக்டமி ஆபரேஷனுக்குன்னு நவம்பர் கடைசில ரெண்டு வாரம் பேனர் கட்டுறோம், மைக் வச்ச ஆட்டோ ஓடுது, கத்தி வேணாம் தையல் வேணாம் அன்னைக்கே வீட்டுக்குப் போலாம்னு. அந்த நம்பர் ஏன் வரலன்னு யாரையாவது எழுப்பி நிக்க வச்சீங்களா? மீட்டிங்ல மேடையில உக்காந்திருந்த சாருங்கள்ல எத்தன பேர்... சரி விடுங்க, அது எனக்குத் தேவையில்லாத பேச்சு. மன்னிச்சுக்கோங்க.

கேக்குறது ஒண்ணுதான். நம்பர் கேக்காதீங்க, பத்து நிமிஷம் குடுங்க.

அப்புறம் அந்தப் பொண்ணு. குழந்தைக்கு இப்ப ரெண்டு மாசம். நான் மறுபடி போயி எல்லாத்தையும் சொன்னேன், என்னோடதையும் சேத்து. மூணு மாசத்துக்கு ஒரு தடவ போடுற அந்தரா ஊசி போதும்னா. திங்கக்கிழமை பி.எச்.சிக்கு வந்து கைக்குழந்தையோட ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா, ஊசி ஸ்டாக் இல்ல. காண்டம் ரெண்டு பாக்கெட் குடுத்து அனுப்பிருக்கேன். இந்த மாச மருந்து இண்டென்ட்லயாவது அந்த ஊசியையும் சேத்து அனுப்பி வைங்க சார், ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு கிராம சுகாதார செவிலியர்