மகளுக்கு, பாம்பனிலிருந்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான்.

நீ வரைந்து போனில் அனுப்பிய படமெல்லாம் பார்த்தேன். லிஸ்பனில் மேடேறுகிற மஞ்சள் டிராம், அந்த 28ஆம் நம்பர், நல்லா வந்திருக்கிறது. இஸ்தான்புல் கலாட்டா பாலத்தில் தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்பதை டீக்கடையில் காட்டினேன். "உன் மக கையால போட்டதா?" என்று ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். ஒரு குறை. மூன்றாவது ஆள் பிடித்திருக்கிற பிடிக்கு, மீன் இழுத்தால் கம்பும் சேர்ந்து போய்விடும். கடல்காரன் மகளுக்கு இதுகூடத் தெரியாதா?

படத்துக்குக் கீழே தேதி போடுகிறாய், நல்ல பழக்கம். முன்னெல்லாம் சனி, ஞாயிறாக வரும். இந்த மாதம் காலண்டரில் பார்த்தால் செவ்வாய், புதன், மறுபடி செவ்வாய். நிழலும் காலடியிலேயே கிடக்கிறது, உச்சிப் பொழுது. லீவாக இருக்கும். லீவு என்றால் முன்னாடியே சொல்லிவிடுவாயே.

வேளைக்குச் சாப்பிடு. தண்ணீரில் கரையாத மையாகப் பார்த்து வாங்கு, போன தடவை மழையில் ஒரு பக்கமே இழுகிப் போனது. அறையில் அரிசி இருக்கிறதா? வேளைக்குச் சாப்பிடு.

ஊர் ஊராகப் பாலம் வரைகிறாய், நம் பாலத்தை ஒரு தடவை வரைந்ததுண்டா? கலாட்டா பாலமும் கப்பலுக்காக நடுவில் தூக்குமாமே. நம்முடையது 1914இல் வந்தது, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையாலேயே தூக்கினார்கள். 2025இல் திறந்த புதுப்பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகிறது. வந்து வரை. கச்சான் காற்று வீசுகிறது, தாளுக்கு கிளிப் கொண்டு வா.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில்தான். அத்தனை நாள் தொழிலுக்குப் போகாமல் இருக்கிறோம், யாரும் எங்களைக் குறைவாகப் பேசுவதில்லை. சின்னத்தா மகன் சும்மா இருந்தபோது நான் பேசிய பேச்சை நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. அவன் வேறு, அந்த நேரம் வேறு.

ஆடிச் சீட்டு இந்தத் தடவை எனக்குத்தான். எஞ்சின் வேலையைத் தள்ளிப் போட்டாயிற்று, அந்தப் பணத்துக்கு இப்போது செலவு இல்லை. டிக்கெட் என்ன விலை என்று மட்டும் சொல். ஆபீஸில் கேட்க வேண்டியிருந்தால் கேட்டுக்கொள்.

அப்பா