குடையை மறந்து போன பெரியவருக்கு

கோவை கணபதியில் உள்ள எங்கள் லேத் பட்டறைக்குப் போன வாரம் வேறு வேலையாக வந்த பெரியவரே, உங்களுக்குத்தான் இந்த நன்றி.

பல்லடத்து விவசாயி ஒருவரின் மோட்டார் ஷாஃப்ட், அதாவது மோட்டாரின் சுழலும் தண்டு. அதைத் தாங்கிச் சுழலவிடும் வளையமான பேரிங் உட்காரும் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடம் தேய்ந்து, பேரிங் வழுக்கிச் சுற்றியது. தேய்ந்த இடத்தை நிரப்ப, அவசரத்தில் ஒரே பக்கமாக வெல்டிங் வைக்கப் போனேன். “பொறு கண்ணு, வளைந்துவிடும்” என்று தடுத்தீர்கள். முதலில் சூடுகாட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றி வைத்து, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டோம். பிறகு லேத்தின் இரு கூர்முனைகளான சென்டர்களுக்கு நடுவே பிடித்துக் கடைந்து, பேரிங் இறுகப் பிடிக்கும்படி 40.01 மில்லிமீட்டரில் நிறுத்தச் சொன்னீர்கள். எண்ணெயில் சூடேற்றி, விரியவைத்து மாட்டிய பேரிங் அசையாமல் உட்கார்ந்தது.

காசு வாங்கவில்லை, டீ மட்டும், அதுவும் சர்க்கரை இல்லாமல். பெயர் கேட்கத் தோன்றவில்லை, என் மடத்தனம்.

உங்கள் குடை இங்கே பத்திரமாக இருக்கிறது ஐயா.